கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்கிற கியூபே: மடோகா மாஜிகா பார்த்த பிறகு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போஸ்டர் படத்தை நம்பி மடோகா மாஜிகா என்ற இந்த ஜப்பானிய அனிமே (கார்ட்டூன்) தொடரைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ரோஸ் நிற முடி, ரிப்பன், பாதி முகத்துக்குக் கண்கள், தோளில் ஒரு வெள்ளைக் குட்டிப் பிராணி, வெளியில் தெரிவது இவ்வளவுதான். அண்ணன் மகளுக்கு 8 வயது. மழையில் வெளியே இறங்க முடியாமல் நச்சரித்துக்கொண்டே இருந்தாள், சரி இதைப் பார் என்று நான்தான் போனைக் கொடுத்தேன். ஆங்கில சப்டைட்டில் அவளுக்கு எங்கே புரியப் போகிறது, படத்தைப் பார்த்தே சிரித்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது எபிசோட் முடிகிற நேரம் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். அன்று இரவு லைட்டை அணைக்க விடவில்லை. அவள் விட்ட இடத்திலிருந்து நான் பார்க்கத் தொடங்கி, இரண்டே ராத்திரியில் முடித்து, அப்புறம் முதலிலிருந்து இன்னும் இரண்டு தடவை பார்த்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் விபரம். 2011 ஜனவரியில் ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கிய 12 எபிசோட் தொடர் இது, ஷாஃப்ட் ஸ்டூடியோ செய்தது. இயக்கம் அகியுகி ஷின்போ, எழுத்து கென் உரோபுச்சி, இசை யூகி கஜியுரா. மந்திரச் சக்தி உள்ள சிறுமிகளின் கதைகள் ஜப்பானில் பெரிய பரம்பரை. 1966இல் சாலி என்ற சூனியக்காரச் சிறுமியோடு டிவிக்கு வந்தது, வேஷம் மாறிப் பூதங்களோடு சண்டை போடுகிற சேலர் மூன் 1992இல் வந்த பிறகு உலகம் முழுக்கப் போனது. ஷின்போ வெளியாள் இல்லை, 2004இல் வந்த லிரிக்கல் நனோஹாவின் முதல் தொடரை இயக்கியவரும் அவர்தான். அதனால் இந்த வகையைக் கேலி செய்கிற தொடர் என்று நினைத்து உட்காராதீர்கள். அந்த வகைக் கதையில் யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்வியை எடுத்துக் கடைசிவரை விடாமல் கேட்கிறார்கள். சக்தி கொடுக்கிற அந்தப் பிராணிக்கு இதில் என்ன லாபம்?

கதை தெரியாமல் பார்க்க நினைக்கிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, 12ஐயும் பார்த்து முடித்துவிட்டு வாருங்கள். கடைசி எபிசோடில் கதாநாயகி மடோகா கேட்கிற வரத்தை மட்டும் நான் சொல்லப் போவதில்லை, மற்றதெல்லாம் வரும்.

கியூபே என்பது அந்த வெள்ளைப் பிராணியின் பெயர். பூனை மாதிரியும் முயல் மாதிரியும் இருக்கும். பேசும்போது வாய் அசையாது, குரல் மட்டும் இனிமையாக வரும். 14 வயதுப் பிள்ளைகளிடம் வந்து, உனக்கு என்ன வேண்டுமோ ஒன்றைக் கேள், எதுவானாலும் தருகிறேன், பதிலுக்கு நீ மந்திரச் சிறுமியாகிச் சூனியக்காரிகளோடு சண்டை போட வேண்டும் என்று ஒப்பந்தம் பேசும். இதில் அது பொய் சொல்வதே இல்லை. கேட்டதைக் கேட்டபடியே கொடுக்கும். மாமி (பெயரே மாமிதான், உறவுமுறை இல்லை) கார் விபத்தில் நசுங்கிக் கிடக்கும்போது உயிரைக் கேட்டாள், கிடைத்தது. கியோகோ, தன் அப்பா செய்யும் பிரசங்கத்தை ஊர் காதுகொடுத்துக் கேட்க வேண்டும் என்றாள், கிடைத்தது. சயாகா, தான் நேசிக்கிற பையனின் செயலிழந்த கை திரும்ப வயலின் வாசிக்க வேண்டும் என்றாள், அதுவும் அப்படியே கிடைத்தது.

விலையைத்தான் அது சொல்லாது.

ஆறாவது எபிசோடில் ஒரு காட்சி. மேம்பாலத்தில் சயாகாவும் கியோகோவும் சண்டைக்கு நிற்கிறார்கள். சண்டையை நிறுத்த வேண்டும் என்ற பதற்றத்தில் மடோகா, சயாகாவின் கையிலிருந்த மந்திரக் கல்லைப் பிடுங்கிக் கீழே வீசிவிடுகிறாள். கல் ஓடுகிற லொறியில் விழுந்து போய்விடுகிறது. அடுத்த நிமிடம் சயாகா அப்படியே மடோகாவின் மேல் சாய்கிறாள். கியோகோ அவள் கழுத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் செத்துப் போய்விட்டாள் என்கிறாள். கியூபே அமைதியாக விளக்கம் சொல்கிறது. ஒப்பந்தம் போட்ட நாளிலேயே உங்கள் உயிரை உடம்பிலிருந்து எடுத்து அந்தக் கல்லுக்குள் வைத்துவிட்டேன், கல் 100 மீட்டருக்கு அப்பால் போனால் உடம்பு இயங்காது, உடம்பு வெறும் கருவியாக இருந்தால்தானே அடிபட்டாலும் சண்டை போட முடியும், உங்களுக்கு நல்லதுதானே. அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் சயாகா, ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டால், நீங்கள் கேட்கவில்லையே என்கிறது.

அந்த இடத்தில் நான் போனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு இஸ்தோப்பில் (வீட்டு முன் திண்ணையில்) கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்தப் பதிலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன்.

பெரியம்மா மகள், எனக்கு அக்கா, 23 வயதில் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனாள். பெரியப்பா படுக்கையில் விழுந்திருந்த வருஷம் அது. காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டு அறையின்) கூரைத் தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்து, மழைக்கு மூன்று சட்டி வைக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் ஏஜென்சிக்கு ஆள் பிடிக்கிற ஒருவர் லயத்துக்கு (எங்கள் வரிசை வீடுகளுக்கு) வந்தார். போகும் முன்பே கையில் காசு என்றார், சொன்ன காசைச் சொன்ன நாளில் எண்ணிக் கொடுத்தார், அதில் குறையே சொல்ல முடியாது. மூன்றாம் மாதம் அக்கா உடம்புக்கு முடியாமல் திரும்பி வர வேண்டுமென்று அழுதபோதுதான், இரண்டு வருஷம் முடியாமல் வருவதென்றால் அந்தக் காசும் அதற்கு மேலும் கட்ட வேண்டும், பாஸ்போட் வீட்டுக்காரர் கையில்தான் இருக்கும் என்பதெல்லாம் எங்களுக்குத் தெரிய வந்தது. பெரியம்மா போன் எடுத்து, இதையெல்லாம் அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். “நீங்க கேக்கலையேம்மா” என்றார் அந்த ஆள், கோபமே இல்லாமல்.

எங்கள் இலங்கை மலையகத்துக்கு இது புதிதும் இல்லை. தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் (மாசிக் கருவாடு) கிடைக்கும் என்று சொல்லி இந்தியாவிலிருந்து அழைத்து வந்த கதையை அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்லாத நாள் இல்லை. ஆள் பிடித்து வந்த கங்காணி கொடுத்த முன்பணம் கடனாக ஏறி, வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் அந்தக் கடன் தொகை எழுதிய துண்டோடுதான் போக முடியும் என்றிருந்தது, அந்தத் துண்டு முறையை 1921இல்தான் ஒழித்தார்கள். ஆனால் யோசித்துப் பார்த்தால் கங்காணியை விடக் கியூபே பயங்கரம். தேங்காயும் மாசியும் பொய், தோண்டிப் பார்த்த அன்றே தெரிந்துவிடும். கியூபே கொடுப்பது உண்மையான தேங்காய். அதனால்தான் ஏமாந்ததே தெரியாமல் அந்தப் பிள்ளைகள் நாள் கணக்கில் சிரித்துக்கொண்டு திரிகிறார்கள்.

இனி மடோகாவைப் பற்றி. தலைப்பிலேயே பெயர் இருக்கிறது, ஆனால் தொடர் முழுக்க வேடிக்கை பார்த்துக்கொண்டு அழுகிறாள் என்பதுதான் இதைப் பார்த்தவர்கள் நிறையப் பேர் சொல்கிற குறை. முதல் தடவை எனக்கும் அந்த எரிச்சல் இருந்தது. இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் அவள் வீட்டைக் கவனித்தேன். அம்மா நல்ல வேலையில் இருக்கிறார், காலையில் மகளோடு சேர்ந்து நின்று பல் விளக்கிக்கொண்டே கதை பேசுகிறார். அப்பா வீட்டைப் பார்த்துக்கொண்டு தோட்டத்தில் தக்காளி வளர்க்கிறார், தம்பி சாப்பாட்டைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அவளுக்கு எந்த அவசரமும் இல்லை. கியூபே எத்தனை தடவை கேட்டாலும் யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்ல அவளால் முடிகிறது. மாமிக்கு அந்த நேரம் இல்லை, இரும்புக்கடியில் கிடந்தாள். கியோகோவின் வீட்டில் சாப்பாடே இல்லை. இன்னொரு மந்திரச் சிறுமியான ஹோமுரா நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிள்ளை, கண்ணெதிரே தன் ஒரே சிநேகிதி செத்துக் கிடக்கும்போது கையெழுத்துப் போட்டவள். யாருக்கு அவசரமோ அவர்களைத் தேடித்தான் கியூபே வரும். இதை யாரும் வசனமாகச் சொல்வதில்லை, அந்தச் சமையலறைக் காட்சிகளை வைத்தே காட்டிவிடுகிறார்கள். மடோகா சும்மா நிற்கிறாள் என்று குறை சொல்கிறவர்கள் அந்த வீட்டை இன்னொரு தடவை பார்க்க வேண்டும்.

கியோகோ எப்போது பார்த்தாலும் எதையாவது தின்றுகொண்டே இருப்பாள். பிஸ்கட், பழம், மீன் வடிவத்தில் சுட்ட இனிப்பு ஏதோ ஒன்று. பாழடைந்த கோயிலில் (அவள் அப்பாவின் தேவாலயம் அது) சயாகாவுக்கு ஓர் ஆப்பிளைக் கொடுக்கிறாள், சயாகா அதைத் தரையில் போட்டுவிடுகிறாள். கியோகோ பாய்ந்து அவள் கழுத்தைப் பிடிக்கிறாள், சாப்பாட்டை வீணாக்காதே என்று. அப்புறம் குனிந்து அந்த ஆப்பிளை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைக்கிறாள். பசி தெரிந்த ஒருவர் எழுதிய காட்சி மாதிரி இருந்தது எனக்கு. எங்கள் வீட்டில் ரொட்டித்துண்டு கீழே விழுந்தால் அம்மாயி எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார், அதுதான் ஞாபகம் வந்தது.

மாமி தேத்தண்ணி ஊற்றுகிற காட்சியையும் சொல்லியாக வேண்டும். கண்ணாடி மேசை, மெல்லிய கோப்பை, பக்கத்தில் கேக். தனியாக வாழ்கிற பிள்ளை, விருந்தாளி வந்ததில் அவ்வளவு சந்தோஷம். கோப்பையில் விழுகிற சாயத்தின் நிறத்தைக்கூட ஒழுங்காகத் தீட்டியிருக்கிறார்கள். ஜப்பானுக்கு இங்கிருந்தும் தேயிலை போகிறது, எங்கள் அம்மா பறித்த கொழுந்தாகவும் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். மூன்றாவது எபிசோடுக்குப் பிறகு அதே அறை வரும், குடித்து முடிக்காத கோப்பையோடு, ஆளில்லாமல்.

சூனியக்காரிகளின் உலகத்தை வரைந்தது இனு கரி என்ற இரண்டு பேர் குழு. மற்றதெல்லாம் வழக்கமான அனிமே மாதிரி இருக்க, அந்த உலகத்துக்குள் போனதும் வெட்டி ஒட்டிய காகிதம், துணி, கத்தரிக்கோல், பழைய புத்தகத்துப் படங்கள் எல்லாம் தானாக நகரும். போன் திரையிலேயே நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. கஜியுராவின் இசைக்கு ஹெட்போன் போட்டுக்கொள்ளுங்கள், தகரத்தில் மழை விழுகிற சத்தத்தில் பாதி போய்விடும்.

சயாகாவை நிறையப் பேருக்குப் பிடிக்காது. பிடிவாதக்காரி, உதவி செய்ய வந்தவர்களையெல்லாம் விரட்டுகிறாள் என்பார்கள். எனக்கு இந்தத் தொடரில் மனதை விட்டுப் போகாதவள் அவள்தான். அந்தப் பையன் குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று தெரிந்து அவன் வீட்டு வாசல்வரை போகிறாள். உள்ளே வயலின் கேட்கிறது. தன் உயிரைக் கொடுத்து வாங்கிய சத்தம் அது, அவனுக்கு அது தெரியாது. பெல்லை அடிக்காமலே திரும்பிவிடுகிறாள். அவளுடைய முடிவு எப்படி வந்தது என்பதை எட்டாவது எபிசோடில் பார்த்துக்கொள்ளுங்கள். ரயிலில் இரண்டு ஆண்கள் தங்களுக்காகச் சம்பாதித்துக் கொடுக்கிற பெண்ணைப் பற்றிப் பேசிக்கொண்டு வருகிற அந்த இரண்டு நிமிடம், எந்த ரத்தக் காட்சியையும் விட என்னை உலுக்கியது.

பத்தாவது எபிசோடைப் பற்றி அதிகம் பேசினால் பார்க்கிறவர்களுக்குத் துரோகம். இறுகிய முகத்தோடு, யாரிடமும் ஒட்டாமல், ஒன்பது எபிசோட் வரை வில்லி மாதிரி நிற்கிற ஹோமுரா, இரட்டைப் பின்னலும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு கரும்பலகைக்கு முன்னால் நடுங்கி நின்ற பிள்ளையாக இருந்தாள் என்பதை மட்டும் சொல்கிறேன். ஒரே மாதத்தை அவள் திரும்பத் திரும்ப வாழ்கிறாள். ஒவ்வொரு தடவையும் முகத்திலிருந்து ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வருகிறது, முதலில் கண்ணாடி போகிறது, அப்புறம் பின்னல், அப்புறம் சிரிப்பு. ஒவ்வொரு எபிசோடிலும் தொடக்கத்தில் வருகிற பாட்டை இதில் கடைசியில் வைத்திருக்கிறார்கள். மடோகாவின் பாட்டு என்று நினைத்து நான் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த பாட்டு, யார் யாருக்காகப் பாடுவது என்று அப்போதுதான் புரிகிறது. தயவுசெய்து முதலிலிருந்தே அந்தப் பாட்டைத் தள்ளாதீர்கள்.

குறைகளும் உண்டு. முதல் இரண்டு எபிசோட் மெதுவாகத்தான் நகரும், பொறுமை வேண்டும். ஹிதோமி என்ற சிநேகிதி கதையைத் திருப்புவதற்காகவே வந்து போகிறாள், அவளுக்கென்று ஒரு மனம் எழுதப்படவில்லை. ஒன்பதிலும் பதினொன்றிலும் கியூபே பாடம் நடத்துகிறது. பிரபஞ்சத்தின் சக்தி குறைந்துகொண்டே போகிறது, விறகை எரித்துக் கிடைக்கிற சூடு மரத்தை வளர்க்கப் பட்ட பாட்டுக்கு ஈடாகாது, அந்த நஷ்டத்தைச் சரிக்கட்டத்தான் உங்கள் கண்ணீர் என்று கணக்குச் சொல்கிறது. கணக்கு சரியாகவே இருந்தாலும் அந்த நீளம் தேவையில்லை. ஆனால் மனிதர்கள் ஆடுமாடு வளர்ப்பதோடு தன் வேலையை ஒப்பிடுகிற இடத்தை விட்டுவிடாதீர்கள். நாட்டுக்கு அந்நியச் செலாவணி, பொருளாதாரத்தின் முதுகெலும்பு என்று மேடையில் எங்களைப் பற்றிப் பேசும்போது வருகிற அதே மரியாதையான குரல்.

கடைசி இரண்டு எபிசோட்களுக்கு இன்னொரு கதையும் உண்டு. 2011 மார்ச் 11 ஜப்பானில் பூகம்பமும் சுனாமியும் வந்ததால் அவற்றை ஒளிபரப்பாமல் நிறுத்தி, ஏப்ரலில்தான் போட்டார்கள். அந்தக் கதையிலும் பெரிய புயல் வருகிறது, ஊர்ச்சனம் பொது மண்டபத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது, மடோகாவின் தம்பிக்கு அது சுற்றுலா மாதிரி. 2014 அக்டோபர் 29 கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்கடியில் போன பிறகு, மழை வலுத்தால் எங்களையும் பள்ளிக்கூட ஹோலுக்குப் போகச் சொல்வார்கள். பிள்ளைகள் பாயில் உருண்டு விளையாடும், பெரியவர்கள் மலைப் பக்கமே காது வைத்திருப்பார்கள். அந்த மண்டபத்தின் படிக்கட்டில்தான் மடோகாவை அம்மா தடுக்கிறார், கன்னத்தில் அறைகிறார், அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கேள்வி கேட்டு, முதுகில் தட்டி அனுப்புகிறார். எங்கள் அம்மா அனுப்பியிருக்க மாட்டார் என்றுதான் எனக்குப் பட்டது. ஆனால் மடோகா கடைசியில் கியூபேயிடம் பேசுகிற விதம் அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் வரும். ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் அடுத்தவர்களின் சாவில் படித்துவிட்டு, தெரிந்து கேட்கிறாள்.

2012இல் வந்த இரண்டு படங்கள் இதே கதையைச் சுருக்கியவை, தொடரைப் பார்த்தவர்களுக்குத் தேவையில்லை. 2013இல் வந்த மூன்றாவது படம் கதையைத் தொடர்கிறது. அதை உடனே பார்க்காதீர்கள், ஒரு மாதமாவது விடுங்கள். எனக்கும் தங்கச்சிக்கும் அந்த முடிவைப் பற்றி இன்னும் ஒத்துவரவில்லை. ஹோமுரா செய்தது சரி என்கிறாள் அவள், எனக்கு அது கியூபே செய்ததற்குப் பக்கத்தில் போய் நிற்கிறது.

யாருக்குக் காட்டலாம் என்றால், ஓ.எல். (சாதாரண தரம்) படிக்கிற 15, 16 வயதுப் பிள்ளைகளுக்குத் தாராளமாகக் காட்டலாம், கூட ஒரு பெரியவர் உட்கார்ந்தால் நல்லது. சாவு இருக்கிறது, வாழ்க்கை வெறுத்துப்போகிற பேச்சு இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுத் தனியாகத் தூங்கப் போகக் கூடாது. ஓர் எபிசோட் 24 நிமிடம், மொத்தம் ஐந்து மணி நேரத்துக்குள்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்காவைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். அவள் திரும்பி வந்து நான்கு வருஷமாகிறது, அந்தக் காசில் போட்ட புதுத் தகரம் இன்னும் ஒழுகவில்லை. சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லச் சொல்ல, பிளேன்டீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தாள். மேம்பாலக் காட்சியில் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் கேட்கவில்லையே என்று கியூபே சொன்னபோதும் ஒன்றும் சொல்லவில்லை. சயாகா அந்த வீட்டு வாசலில் நின்றுவிட்டுத் திரும்புகிற இடத்தில் மட்டும், “பெல்ல அடிச்சிருக்கலாம் இந்தப் புள்ள” என்றாள்.

ஏழாவது வரை வந்திருக்கிறோம். மீதி ஐந்துக்கு வருகிற ஞாயிறு வருகிறேன் என்றிருக்கிறாள், எட்டாவதைத் தான் இல்லாமல் போட வேண்டாம் என்று தங்கச்சியிடமும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள்.